சின்ன விமானமும் சின்னச் சம்பளமும்

ஆகாய விமானி என்றதும் நம் மனக்கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கிறது. வெள்ளைச் சட்டை, தோளிலே பொற்கோடுகள், கையிலே கறுப்புத் தோற்பெட்டி, நடையிலே ஒரு மிடுக்கு. அவர் வாங்கும் மாதச் சம்பளத்தை எண்ணுவதற்கே தனியாக ஒரு கணக்கப்பிள்ளை வேண்டும் என்று நாமாகவே முடிவு கட்டிக்கொள்கிறோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலும் ஆகாயத்தில் ஓர் இரைச்சல் கேட்டால் அண்ணாந்து பார்க்காத பிள்ளை இல்லை. உயர்தரம் படிக்கும் மகனோ மகளோ ஒரு நாள், "நான் பைலட் ஆகப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால், பெற்றோரிற் பெரும்பாலோர் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு சிலர் மட்டும் சிரிக்காமல், "அதற்கு எவ்வளவு செலவாகும்? எவ்வளவு கிடைக்கும்?" என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். இக்கட்டுரை அந்த ஒரு சிலருக்காக எழுதப்படுகிறது.

எவரும் மறைத்து வைக்காத, ஆயினும் எவரும் எடுத்துச் சொல்லாத ஓர் உண்மையை முதலிலேயே கூறிவிடுவோம். விமானியின் சம்பளம் அவருடைய திறமையை அளந்து கொடுக்கப்படுவதில்லை. அவர் ஓட்டும் விமானம் எவ்வளவு பெரிது, கம்பெனியின் பதிவேட்டில் அவர் பெயர் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்ற இரண்டையும் கொண்டே அது தீர்மானிக்கப்படுகிறது. முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு சமுத்திரம் தாண்டும் விமானத்தின் கப்டன் பெறுவதில் நாலில் ஒரு பங்கைக்கூட, ஐம்பது அல்லது எழுபது பேரை ஏற்றிச் சிறு நகரங்களுக்கிடையே பறக்கும் ஜெட் விமானத்தின் புதிய துணை விமானி பெறுவதில்லை. இளைஞர்களிற் பலர் முதன்முதலில் ஏறி அமர்வதோ இந்தச் சின்ன விமானங்களில்தான். ஆகவே பயிற்சிக்கு வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய காலமும், மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. குடும்பங்கள் இடறி விழும் இடம் இதுவே.

கொழுந்துக் கணக்கும் மணிக்கணக்கும்

தோட்டத்து மக்களுக்கு விமானியின் சம்பளக் கணக்கை விளக்குவது, கொழும்பு வாசிகளுக்கு விளக்குவதைவிட எளிது. கொழுந்தெடுப்பவருக்குப் பதினாறோ பதினெட்டோ கிலோ நிறுத்தால்தான் ஒரு 'பேர்'. குறைந்தால் அரைப் பேர். மழையில் நனைந்து மலையேறிய நேரமும், மடுவத்தில் நிறுவைக்குக் காத்து நின்ற நேரமும் கணக்கில் வருவதில்லை. இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர் விடியுமுன் எழுந்து போனாலும், மழை பிடித்துக்கொண்டு மரம் நனைந்துவிட்டால் வெட்டு இல்லை.

விமானிக்குக் கிலோவுக்குப் பதிலாக மணி. பல நாடுகளில், விமானம் நின்ற இடத்தைவிட்டு அசைந்த நிமிடம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நிமிடம் வரைதான் சம்பளக் கடிகாரம் ஓடும். அதற்கு முன்னே ஒரு மணி நேரம் காலநிலை அறிக்கை படிப்பதும், எரிபொருட் கணக்குப் பார்ப்பதும், விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பதும், இரண்டு பறப்புகளுக்கிடையே நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்துக் கிடப்பதும் அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. மாதத்துக்கு எழுபத்தைந்து மணி நேரமாவது கணக்கிட்டுத் தருகிறோம் என்ற உறுதி வழக்கமாக உண்டு. எழுபத்தைந்து மணிதானா, எவ்வளவு சுகமான உத்தியோகம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த எழுபத்தைந்தை நிறைப்பதற்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நேரம் வீட்டைவிட்டு விலகியிருக்க வேண்டும்.

இதிலே வேடிக்கை என்னவென்றால், சின்ன விமானம் ஓட்டுபவருக்கே வேலை அதிகம். பெரிய விமானம் ஒரு முறை ஏறி, பத்து மணி நேரம் பறந்து, ஒரு முறை இறங்கும். சின்னதோ ஒரே நாளில் நாலைந்து முறை ஏறி இறங்கும். விமானிக்கு நெஞ்சு படபடக்கும் நேரம் ஏறுவதும் இறங்குவதுமே என்பதை அத்தொழிலில் உள்ளோர் அனைவரும் ஒப்புக்கொள்வர். காற்றும் மழையும் பனிமூட்டமும், இது சின்ன விமானமாயிற்றே என்று இரக்கம் காட்டுவதில்லை. ஆயினும் சம்பளம் மட்டும் சிறுத்துவிடுகிறது.

இந்த வழக்கம் எப்படி வந்தது? அமெரிக்காவிலே 1934-ஆம் ஆண்டில், விமானிகளுக்கும் கம்பெனிகளுக்கும் எழுந்த பிணக்கில் தேசியத் தொழிலாளர் சபை ஒரு தீர்ப்பு வழங்கிற்று. 'எண்பத்து மூன்றாம் தீர்மானம்' என்று அது பெயர் பெற்றது. அடிப்படைச் சம்பளத்தோடு, பறந்த மணிகளுக்கும் கடந்த தூரத்துக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டுமென்பது அதன் சாரம். விமானங்கள் வேகமாகவும் பெரிதாகவும் வளரும்போது, அவற்றால் வரும் இலாபத்தில் ஒரு பங்கு விமானிக்கும் சேரட்டும் என்பது நோக்கம். பின்னர் விமானத்தின் எடையும் கணக்கில் சேர்ந்தது. பெரிய விமானத்துக்குக் கூடுதல் கூலி என்பது அன்று தொழிலாளர் பெற்ற வெற்றி. சின்ன விமானத்துக்குக் குறைந்த கூலி என்பது அதே வெற்றியின் மறுபக்கம்.

அமெரிக்காவிலே நடந்தது

சின்ன ஜெட் விமானங்கள் மிகுதியாகப் பறப்பது அமெரிக்காவில் ஆதலால், இக்கதை நன்கு விளங்குவதற்குச் சற்று அங்கே போய்வர வேண்டும். பிரேசில் நாட்டு எம்பிரேயர் கம்பெனியும் கனடாவின் பொம்பார்டியர் கம்பெனியும் ஐம்பது முதல் தொண்ணூறு இருக்கைகள் கொண்ட ஜெட்டுகளைச் செய்து கொடுக்க, 1990-களிலிருந்து அமெரிக்காவின் சிறு நகரங்கள் அவற்றால் இணைக்கப்பட்டன. விமானத்தின் மேலே எழுதப்பட்டிருப்பது பெரிய கம்பெனியின் பெயர், பயணச்சீட்டும் அதனுடையதே. உள்ளே இருக்கும் விமானிகளுக்குச் சம்பளம் கொடுப்பதோ வேறொரு சிறு கம்பெனி. தோட்டம் ஒருவருடையது, வேலை வாங்குவது ஒப்பந்தகாரர் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதன்று.

பெரிய கம்பெனிகளின் விமானிகள் சங்கம் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. எல்லா வேலையையும் குறைந்த கூலிக்காரரிடம் கொடுத்துவிட்டால் தங்கள் கதி என்ன என்று அஞ்சி, ஒப்பந்தத்தில் ஓர் எல்லைக்கோடு போட்டது. சிறு கம்பெனி ஓட்டும் விமானத்தில் எழுபத்தாறு இருக்கைக்கு மேல் கூடாது, எடையும் ஏறத்தாழ முப்பத்தொன்பது தொன்னுக்கு மேற்படக் கூடாது என்பது அந்தக் கோடு. எம்பிரேயர் 175 என்னும் விமானம் அங்கே அவ்வளவு விற்பனையாவதற்கு அந்தக் கோட்டுக்குள் அது கச்சிதமாக அடங்குவதும் ஒரு காரணம். விமானத்தின் பருமனைச் சங்க ஒப்பந்தம் தீர்மானிக்கிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள்!

2009-ஆம் ஆண்டு பெப்ரவரி 12-ஆம் திகதி இரவு, நியூயோர்க் மாநிலத்துப் பவலோ நகருக்கு அருகே, கோல்கன் எயார் என்னும் சிறு கம்பெனியின் விமானமொன்று வீட்டின் மேல் விழுந்து நொறுங்கியது. அது ஜெட் அன்று. சுழல்விசிறி கொண்ட எழுபத்து நாலு இருக்கை விமானம். அதிலிருந்த நாற்பத்தொன்பது பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் மாண்டனர். வேகம் குறைந்து விமானம் எச்சரித்தபோது கப்டன் செய்யவேண்டியதற்கு மாறாகச் செய்ததே காரணம் என்பது விசாரணையின் முடிவு. சம்பளக் குறைவினால் விமானம் விழுந்தது என்று எவரும் தீர்ப்புக் கூறவில்லை. ஆனால் அந்த விசாரணையிலே வெளிவந்த செய்திகள் நாட்டையே தலைகுனிய வைத்தன. இருபத்து நாலு வயதுத் துணை விமானியான அப்பெண்ணின் ஆண்டு வருமானம் இருபத்தையாயிரம் டொலரைக்கூட எட்டவில்லை. வேலை செய்யும் நகரில் வீடு எடுக்க வசதியின்றி, நாட்டின் மறுகோடியிலே பெற்றோருடன் தங்கியிருந்தார். முந்திய இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் இடம் பிடித்துக் கண்டத்தைக் கடந்து வந்துதான் வேலைக்கு ஏறினார். முன்பு கொஞ்சக் காலம் காப்பிக் கடையொன்றிலும் வேலை பார்த்திருக்கிறார். ஐம்பது உயிர்களைக் கையில் வைத்திருந்தவர்களின் வாழ்க்கை இப்படியா என்று செனட் சபையிலேயே கேள்வி எழுந்தது.

மாண்டோரின் குடும்பத்தினர் விடவில்லை. ஓயாமல் தலைநகருக்குப் படையெடுத்தார்கள். 2010-இல் சட்டம் பிறந்தது. 2013-இல் விதி வந்தது. அதுவரை 250 மணி நேரம் பறந்தவர் துணை விமானியாக அமரலாம் என்றிருந்ததை மாற்றி, 1,500 மணி நேரம் வேண்டும் என்றார்கள். இராணுவத்திலும் குறிப்பிட்ட கல்லூரிகளிலும் பயின்றவர்களுக்குச் சிறிது தளர்வு உண்டு. விமானிகளின் ஓய்வு நேரத்துக்கும் புதிய விதிகள் வந்தன.

சம்பளத்தைக் கூட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும் சம்பளம் கூடியது. எப்படியெனில், 1,500 மணியைச் சேர்ப்பதற்கு இளைஞர் ஒருவர் இரண்டு மூன்று வருடங்கள் பிறருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தும், விளம்பரத் துணியை வானில் இழுத்துச் சென்றும் காலம் கழிக்க வேண்டும். அத்தனை பாடுபட்டபின் இருபதினாயிரம் டொலருக்கு வா என்றால் எவர் வருவார்? ஆட்கள் அருகினர். கிரேட் லேக்ஸ் என்ற சிறு கம்பெனி விமானிகள் கிடைக்காத குறையைச் சொல்லி 2018-இல் தன் பறப்புகளை நிறுத்திவிட்டது. பிறகு கொள்ளைநோய்க் காலம் வந்தது. 2020-இல் பெரிய கம்பெனிகள் மூத்த விமானிகளுக்குப் பணம் கொடுத்து முன்கூட்டியே ஓய்வு பெற்றுப் போகச் செய்தன. இரண்டே வருடத்தில் பயணிகள் திரும்பி வந்தபோது விமானிகளைத் தேடி அலைந்தன. அவை சின்னக் கம்பெனிகளின் விமானிகளை வாரி இழுத்துக்கொள்ள, சின்னக் கம்பெனிகளின் விமானங்கள் தரையில் நின்றன. 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்கன் எயார்லைன்ஸைச் சேர்ந்த பீட்மொண்ட், என்வோய் ஆகிய கம்பெனிகள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர், புதிய கப்டனுக்கு 146 டொலர் என்று அறிவித்தன.  பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் இதே ஆசனத்துக்கு இருபது, இருபத்தைந்து டொலர்தான் கிடைத்தது. இருந்தும் பெருங்கம்பெனியில் நீண்ட தூர விமானம் ஓட்டும் மூத்த கப்டன் மணிக்கு நானூறு டொலருக்கு மேல் பெறுகிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு எவரும் மகிழ்ந்துபோய்ப் பெட்டியைக் கட்ட வேண்டாம். 2024-இல் பெரிய கம்பெனிகள் ஆட்சேர்ப்பைக் குறைத்துக்கொண்டன. விமானித் தொழில் மழையை நம்பிய விதைப்புப் போன்றது. விதைக்கிற வருடம் வேறு, அறுக்கிற வருடம் வேறு. எல்லோரும் வேலைக்கு அலையும் வருடத்தில் உரிமம் பெற்று வெளியே வருபவரும், கம்பெனிகள் ஆளுக்கு அலையும் வருடத்தில் வெளியே வருபவரும் படிப்பில் சமமானவரே. வாழ்க்கையில் அல்ல.

மதுரைக்காரரின் ஜெட்டுகள்

நமக்கு அருகே இதே கதை தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. மதுரை நெசவாலைத் தொழிலிலிருந்து வந்த ம. தியாகராஜன், 2005 அக்டோபரில் பரமவுண்ட் எயார்வேஸ் என்னும் கம்பெனியைச் சென்னையில் தொடங்கினார். எம்பிரேயர் 170, 175 ரக ஜெட்டுகளைக் குத்தகைக்கு எடுத்து, எழுபதும் எழுபத்தைந்துமாக உயர்வகுப்பு ஆசனங்களை மட்டும் வைத்து, சென்னை, மதுரை, கோயம்புத்தூர், கொச்சி, திருவனந்தபுரம் என்று பறக்கவிட்டார். எண்பதுக்குக் குறைந்த இருக்கைகளையுடைய விமானங்களுக்கு இந்திய அரசு இறங்கு கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தது. சின்ன விமானத்துக்கு இப்படியும் ஒரு பாக்கியம் உண்டு! பார்த்தவர் வியந்தார்கள், ஏறியவர் புகழ்ந்தார்கள். ஆயினும் விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு வழக்கு மூண்டு, 2010-இல் கம்பெனியின் பறப்புகள் நின்றுபோயின. விசயவாடாவிலிருந்து எம்பிரேயர்களை ஓட்டிய எயார் கொஸ்டா 2013-இல் தொடங்கி 2017-இல் நின்றது. 2019-இல் தொடங்கிய ஸ்டார் எயார் கம்பெனி அதே எம்பிரேயர் விமானங்களைக் கொண்டு கருநாடகத்தின் பெல்காம் போன்ற ஊர்களை இணைத்தது.

கம்பெனி நின்றால் முதலாளிக்கு நட்டம் என்பது தெரிந்ததே. விமானிக்கு வரும் நட்டத்தை அவ்வளவாக யாரும் எண்ணுவதில்லை. லொறி ஓட்டத் தெரிந்தவர் எந்தக் கம்பெனி லொறியையும் ஓட்டலாம். விமானி அப்படியல்ல. ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனித் தகுதி பெறவேண்டும். எம்பிரேயருக்குத் தகுதி பெற்றவர் எயர்பஸ்ஸைத் தொட முடியாது. மறுபடியும் பாவனை இயந்திரத்தில் பயின்று, பரீட்சை எழுதி, இலட்சக் கணக்கில் செலவழித்தாக வேண்டும். நாடு முழுவதிலும் எம்பிரேயர் வைத்திருக்கும் கம்பெனி ஒன்றிரண்டுதான் எனில், அங்கே கதவு மூடினால் போவதற்கு வேறு கதவு இல்லை. 2008-க்குப் பின் வந்த மந்தத்தில், உரிமம் கையில் இருந்தும் வேலையின்றி நின்ற இந்திய இளைஞர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் ஆள் போதாதென்று வெளிநாட்டு விமானிகளை வரவழைத்திருந்தார்கள் என்பது இதிலுள்ள சோகம்.

ஆள் கிடைக்காத காலத்தில் கம்பெனிகள் ஒன்றின் விமானியை மற்றொன்று இழுக்கும். அதைத் தடுக்க இந்திய விமானத்துறை 2005-இல் ஒரு விதி செய்தது. விலகும் விமானி ஆறு மாதம் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். 2017-இல் கப்டனுக்கு அது ஒரு வருடமாயிற்று. 2023-இல் ஆகாசா எயார் கம்பெனியில் நாற்பதுக்கு மேற்பட்ட விமானிகள் காலம் முடியுமுன் விலகிவிட, பறப்புகள் இரத்தாகி, விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. முன்னறிவித்தலோடு இன்னொரு பூட்டும் உண்டு. பயிற்சிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டால், இத்தனை வருடம் எங்களிடமே வேலை செய்ய வேண்டும், இல்லாவிடில் இத்தனை இலட்சம் கட்ட வேண்டும் என்று பிணைப்பத்திரத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள்.

இதைக் கேட்கும்போது நம் பாட்டன்மார் காலத்துத் 'துண்டு' நினைவுக்கு வரவில்லையா? தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால், அவர் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டைப் பெற வேண்டும். அந்தக் கடனை அடைக்கிற தோட்டமே அவரை ஏற்கலாம். கப்பல் செலவும் கங்காணி கொடுத்த முன்பணமும் வட்டியோடு அந்தத் துண்டிலே நிற்கும். 1921-இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. விமானியின் பிணைப்பத்திரமும் துண்டும் ஒன்றே என்று நாம் வாதாட வரவில்லை. விமானி படித்தவர், தம் விருப்பப்படி கையெழுத்திடுகிறார், பசியால் விரட்டப்படுகிறவர் அல்லர். ஆனால் கடன் மனிதனை ஓரிடத்தில் கட்டிப்போடும் விதம் ஒன்றுதான். அதை நம் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் விடுபட்ட படிகள்

நம் நாட்டுக்கு வருவோம். 1947 டிசம்பர் 10-ஆம் திகதி எயார் சிலோன் கம்பெனியின் முதற் பறப்பு இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போயிற்று. சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என்று அதன் மூன்று டக்கோட்டா விமானங்களுக்கும் இராணிகளின் பெயர்கள். பிறகு அவ்ரோ விமானம் வந்தது. 1969-இல் டிரைடென்ட் என்னும் ஜெட் வந்தது. இளைஞர் ஒருவர் சின்னதில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதில் ஏற, ஒரே கம்பெனிக்குள் ஏணி இருந்தது.

1979-இல் எயார் லங்கா பிறந்தபோது கவனமெல்லாம் தூர தேசங்களின் மேல் சென்றது. போர் வந்தது; பலாலி படைத்தளமாயிற்று. இடையில் சில தனியார் விமானங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பறந்தன. 1998 செப்டெம்பர் 29-ஆம் திகதி லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து ஐம்பத்தைந்து பேர் மாண்டனர். ஏணியின் நடுப்படிகள் இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஐம்பது, எழுபது இருக்கை ஜெட்டுகளை அணியாக வைத்து உள்ளூர்ப் பயணிகளை ஏற்றும் கம்பெனி என்று ஒன்று இங்கே நிலைபெறவில்லை. ஒரு பக்கம் ஒரு டசினுக்குள் அடங்கும் இருக்கைகள் கொண்ட சுற்றுலா விமானம். மறுபக்கம் நூற்றைம்பது பேருக்கு மேல் ஏற்றும் எயர்பஸ். நடுவிலே வெறுமை.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் கம்பெனியின் ஏ.டி.ஆர். விமானம் வரத் தொடங்கிற்று. கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. எழுபது சொச்சம் இருக்கைகள் கொண்ட, சுழல்விசிறி வைத்த விமானங்கள். இளம் விமானிகள் அனுபவம் சேர்க்கும் பருமன் இதுவே. ஆனால் அவை இந்தியக் கம்பெனிகளுடையவை. அவற்றால் உண்டான வேலையும் அக்கரைக்கே போகிறது. பயணிக்கு வழி கிடைத்தது. நம் நாட்டு இளைஞருக்குப் படி கிடைக்கவில்லை.

ஏற்கெனவே மேலே ஏறிவிட்டவர்களோ வெளியே போனார்கள். 2022-இன் தொடக்கத்தில் இருநூறு ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதமளவில் முந்நூற்றறுபதைத் தொட்டது. 2023 ஜனவரியில் வருமான வரியின் உச்ச விகிதம் நூற்றுக்கு முப்பத்தாறாயிற்று. ரூபாயில் சம்பளம் பெற்ற ஸ்ரீலங்கன் விமானிகள் பலர் வெளிநாடுகளில் வேலை தேடிக்கொண்டார்கள். உலகமெங்கும் ஆட்சேர்ப்பு மும்முரமாக இருந்த வருடங்களும் அவையே. நாடு வருந்தலாம். ஆனால் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களையும், கொழும்புக் கடைகளுக்குப் போன நம் பையன்களையும் குறை சொல்ல மனம் வராதவர்கள், விமானியை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

ஏழாயிரத்து நானூறு பேர்

இனிச் செலவுக் கணக்கு. இந்தியாவில் உரிமமும் ஒரு ரக விமானத்தின் தகுதியும் சேர்த்து ஐம்பது இலட்சம் முதல் ஒரு கோடி இந்திய ரூபாய் வரை செல்லும் என்பது அறிந்த விஷயம். இலங்கையிலும் அது பல மில்லியன் விவகாரமே. கணக்கு எளிதாயிருக்க, ஒரு குடும்பம் ஒரு கோடி இலங்கை ரூபாய் திரட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடியை அதால் வகுத்தால் ஏழாயிரத்து நானூறு பேருக்குச் சற்று மேல் வருகிறது. மாதம் இருபத்தைந்து பேர் தவறாமல் விழுந்தாலும், சேமலாப நிதிக் கழிவைத் தள்ளாமலே, உண்ணாமல் உடுக்காமல் இருபத்து நாலு வருடமும் எட்டு மாதமும். நாட்சம்பளத்தில் ஓரிரு நூறு ரூபாய் கூட்டிக் கணக்கிட்டாலும் இருபது வருடத்துக்குக் கீழே இறங்காது.

ஆகவே பிள்ளையின் ஆசையை அடக்கிவிட வேண்டுமென்று இதைச் சொல்லவில்லை. கடன் யார் தலையில், எந்த வருடத்தில், எந்தச் சம்பளத்தை நம்பி விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம். பறப்புப் பள்ளிகளின் விளம்பரத்தில் காட்டப்படும் சம்பளம் பெரிய விமானத்துக் கப்டனுடையது. கேட்க வேண்டியது முதல் வருடத் துணை விமானியின் சம்பளத்தை. அப்பள்ளியில் உரிமம் பெற்றவர்களில் எத்தனை பேர், எந்தக் கம்பெனியில், எத்தனை மாதத்துக்குள் வேலைக்கு அமர்ந்தார்கள் என்று கேட்கத் தயங்கக் கூடாது. தயங்கிப் பதில் சொல்லும் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கும் தயங்க வேண்டும். நகையையோ வீட்டையோ ஈடு வைத்து முழுத் தொகையையும் ஒரே முறையில் கட்டுவதைவிட, கட்டம் கட்டமாகக் கட்டும் பள்ளியே நல்லது. பாதியிலே பள்ளி மூடப்பட்டாலும் பிள்ளை மனம் மாறினாலும் மீதியாவது தப்பும்.

பணமே கேட்காத வழியும் ஒன்று உண்டு. விமானப்படையில் பயிலிளவல் அதிகாரியாகத் தெரிவு செய்யப்படுவோரைத் திருகோணமலை சீனன்குடாவில் அரசே பறக்கப் பழக்குகிறது. தெரிவு கடினம், இடங்கள் சில, சேவைக் காலத்துப் பிணையும் உண்டு. ஆயினும் ஏழாயிரத்து நானூறு பேருக்கு முன்னே அந்தப் பிணை எனக்குப் பாரமாகத் தோன்றவில்லை. உயர்தரத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தவருக்கு இங்கும் பிற இடங்களிலும் வழி எளிதாகும். ஆங்கிலம் எல்லாவற்றிலும் முக்கியம். சர்வதேச விமானப் போக்குவரத்து நிறுவனம் வகுத்த ஆறு படிகளில் நான்காவதையேனும் எட்டாதவர் சர்வதேசப் பறப்பில் வானொலியில் பேச முடியாது. நம் தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை எத்தகையது என்பதை அறிந்தவர்கள், வழியை அடைப்பது பணம் மட்டுமன்று என்பதை உணர்வார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது ஆகாது என்று எண்ணும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. இந்திய விமானிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் பெண்கள். உலகச் சராசரி அதில் ஏறத்தாழப் பாதிதான். சங்க ஒப்பந்தங்களில் மணிக்கணக்குக் கூலி ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று என்று இல்லை. தேயிலை மலையில் அந்தச் சமத்துவம் சட்டப் புத்தகத்தில் வர எத்தனை காலம் பிடித்தது!

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு சதமும் பள்ளிக்குக் கட்டுமுன்னே செய்ய வேண்டியது வைத்தியப் பரிசோதனை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ஏற்றுக்கொண்ட வைத்தியரிடம் முதலாம் வகுப்புச் சான்று பெற வேண்டும். கண்ணாடி அணிவது தடையன்று. கண்ணாடி போட்டபின் பார்வை உரிய அளவுக்கு வந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் குறைந்திருந்தால்தான் ஆபத்து. பிறவியிலேயே வரும் அக்குறை பெண்களைவிட ஆண்களுக்கே மிகுதி. பலருக்கு அது இருப்பதே தெரியாது. பல நிறப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஏடு ஒன்று கண் வைத்தியரிடம் இருக்கும். இரத்தினபுரியிலோ கேகாலையிலோ அந்த ஏட்டை ஒரு முறை புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.